ஏகமனதாக, ஒருவர் நீங்கலாக

1

போன வருஷம் வெளிநாட்டார் அலுவலகத்திலிருந்து என் அப்பா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பா இருப்பது தூத்துக்குடியில். கடிதம் வந்து விழுந்தது ஜெர்மனியில், ப்ரேமன் நகரத்தில், என் வீட்டுத் தபால் பெட்டியில். "மதிப்பிற்குரிய திரு. பொன்ராஜ் அவர்களுக்கு, தாங்கள் இந்நாட்டுக்கு வந்து நான்காண்டுகள் நிறைவுறுகின்றன. தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்க, வேலை தரும் நிறுவனத்தின் கடிதத்துடன் நேரில் வரவும்."

விஷயம் வேறொன்றுமில்லை. நமக்கு இருப்பது ஒரு பெயர். இவர்களுக்கு வேண்டியது இரண்டு. விமானம் ஏறுவதற்கு முன் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. அப்பா பெயரைத் தூக்கிப் போட்டேன். அன்று முதல் பேங்க்கில், பல் டாக்டரிடம், அலுவலகத்தில், எங்கேயும் நான் பொன்ராஜ். அதுவும் முழுசாக இல்லை. ஆங்கில 'ஜே' இவர்கள் வாயில் 'ய' ஆகிவிடும். ஆக, போன்ராய். எங்கள் தெருவில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது, எல்லோருக்கும் அண்ணாச்சிதான். இங்கே என் வயதுப் பையன் ஒருவன் படியில் நின்றுகொண்டு, "போன்ராய், காபி வேணுமா?" என்கிறான். முதல் ஆறு மாதம் ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டது. இப்போது எனக்குப் பழகிவிட்டது. அப்பாவுக்குப் பழகவில்லை.

"என் பேரச் சொல்லி உன்ன ஏசுனா ஏச்சு எனக்குல்லா விழும்? ஒழுங்கா வேலயப் பாருளா" என்றார்.

வேலை என்ன என்பதில்தான் ஊருக்கு இன்னும் குழப்பம். நிறுவனம் சின்னச் சின்னச் செயற்கைக்கோள்கள் செய்கிறது. ஆனால் எங்கள் தெருவில் உலவும் செய்தி, நான் ராக்கெட் விடுகிறேன் என்பது. எதிர்க்கடை செல்வராஜ் அண்ணாச்சி, எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர், ஒருநாள் வீடியோவில் வந்தே கேட்டுவிட்டார்.

"ஏளா, திருச்செந்தூரத் தாண்டி ராக்கெட் தளம் கட்டுதாவல்லா. அங்கன விடுத ராக்கெட்ட நீ இங்கன வந்து விட்டா என்ன?"

"அண்ணாச்சி, நான் ராக்கெட் விடல. ராக்கெட்ல என்ன ஏத்தலாம், ஏத்தக் கூடாதுன்னு பேசுத கூட்டத்துல குறிப்பு எழுதுதேன்."

"குறிப்பா?" அவர் முகம் திரையில் அப்படியே உறைந்தது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். நெட் போகவில்லை. "அதுக்கா அவ்வளவு படிச்ச?"

2

நியாயமான கேள்வி. நிறுவனத்தின் கீழ்த்தளத்தில் தலையில் வலைத்தொப்பியும் கையில் உறையும் மாட்டிக்கொண்டு ஆட்கள் செயற்கைக்கோளைக் கோர்க்கிறார்கள். அந்தத் தொப்பிக்கு ஆசைப்பட்டுத்தான் நானும் இங்கே வந்து மேல்படிப்பு படித்தேன். கிடைத்தது மேல்தளம்.

மேல்தளத்தில் ஒரு நீள்வட்ட மேஜை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சுற்றி ஐந்து பேர் உட்காருவார்கள். மேற்பார்வைக் குழு என்று பெயர். நிறுவனத்தை நடத்துகிறவர்கள் வந்து, "இதைச் செய்யலாமா?" என்று கேட்பார்கள். ஐவரும் பேசி, கை தூக்கி, செய்யலாம் என்பார்கள் அல்லது வேண்டாம் என்பார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை எழும்பாவிட்டால் கீழே இருக்கிற பெட்டி ஒரு அடி நகராது. விண்வெளி என்றால் எரிபொருள், எஞ்சின், கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, எல்லாம் கடைசியில் பிஸ்கட் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரிடம் வந்து நிற்கிறது என்று தெரிந்ததும் தொப்பி ஆசை போயே போய்விட்டது. இதைவிடச் சுவாரஸ்யமான அறை பூமியில் இருக்கிறதா என்ன?

ஐவரில் இருவரை உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஒருவர் தலைவர் டீர்க்சன். முன்பு வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். நெடுநெடு உயரம், பஞ்சுக் குரல். எதிரில் இருப்பவர் தன் யோசனையைத் தானே கண்டுபிடித்ததாக நினைக்கும்படி பேசத் தெரிந்தவர்.

இன்னொருவர் ஃப்ராவ் லிண்டே. 'ஃப்ராவ்' என்றால் நம்ம 'அம்மா' மாதிரி ஒரு மரியாதை. ஓய்வு பெற்ற எஞ்சினியர். செயற்கைக்கோளைத் தன் கையால் தொட்டு வேலை செய்தவர் அந்த மேஜையில் அவர் ஒருவர்தான். பிஸ்கட்டைத் தொட மாட்டார். வீட்டிலிருந்து வேகவைத்த முட்டை கொண்டுவருவார், மடித்த காகிதத்தில் உப்பு. பேச்சு சூடாகும் நேரம் பார்த்து மேஜை விளிம்பில் 'டொக்'கென்று உடைப்பார். டீர்க்சனின் இடது கண் துடிக்கும்.

என்னிடம் அவருக்குத் தனி வாஞ்சை. "மற்றவர்கள் எழுதிய குறிப்பை நான் இரண்டு முறை படிப்பேன். நீங்கள் எழுதினால் படிக்கவே மாட்டேன் போன்ராய். நீங்கள் முட்டைச் சத்தத்தைக்கூட விட மாட்டீர்கள்" என்று ஒருமுறை சொன்னார். எனக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை.

3

அந்தக் கூட்டத்தின் இரண்டாவது பொருள், ஒரு பாய்.

படுக்கிற பாய் இல்லை, தோணியில் விரிக்கிற பாய். செயற்கைக்கோள் வேலை முடிந்து செத்துப்போனால் மேலேயே குப்பையாகச் சுற்றக் கூடாது. அதனால் அதன் வயிற்றில் மெல்லிய பாய் ஒன்றைச் சுருட்டி வைக்கிறார்கள். கடைசி நாளில் அது விரியும். அந்த உயரத்திலும் கொஞ்சநஞ்சம் காற்று இருக்கிறது. அது பாயில் மோதிமோதி வேகத்தைக் குறைக்கும். செயற்கைக்கோள் மெல்ல இறங்கி, எரிந்து, ஒன்றுமில்லாமல் போகும்.

இந்தப் பாயைக் கடும் குளிர் அறையில் வைத்து விரித்துப் பார்த்தார்கள். பாதி விரியும்போது அறையின் குளிர்ச் சாதனம் நின்றுவிட்டது. அறை வாடகை அறை. அடுத்த நிறுவனத்தார் வாசலில் காத்திருந்தார்கள். மறுபடி சோதிக்க வேண்டுமென்றால் ராக்கெட்டில் பதிந்து வைத்திருக்கும் இடம் கைவிட்டுப் போகலாம். எனவே, "பாதி நன்றாகத்தான் விரிந்தது, மீதியும் விரியும், அனுப்பலாமா?" என்பது கேள்வி.

"ஆதரவாக?" என்றார் டீர்க்சன். நான்கு கைகள், அவர் கையையும் சேர்த்து.

"எதிராக?"

டொக். "நான்" என்றார் ஃப்ராவ் லிண்டே. முட்டையைக் கீழே வைத்தார். "பாதி விரிந்த பாய், விரியாத பாய். வேண்டாம்."

நான்குக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள்.

அன்று மதியமே குறிப்பை எழுதி முடித்தேன். என் எழுத்தைச் சரிபார்க்கும் மேலதிகாரி காத்ரின், முழங்கால் அறுவைக்குப் பின் மூன்று வார ஓய்வில் இருந்தார். முதல் முறையாகத் தனியாக எழுதுகிறேன் என்ற உற்சாகம் வேறு. பேசியதெல்லாம் எழுதினேன், பாயின் அளவு எழுதினேன், குளிர்ச் சாதனம் நின்றதை எழுதினேன். இரண்டாவது பொருளின் கடைசி வரியில் கை தானாக ஒரு சொல்லைப் போட்டது: ஐன்ஷ்டிமிக்.

இங்கே வந்து நான் ஆசையாகக் கற்ற முதல் அலுவலகச் சொல் அது. 'ஒரே குரலில்' என்று பொருள். நம்ம பாஷையில் ஏகமனதாக.

டீர்க்சனுக்கு அனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு டிராம் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

4

இந்தத் தப்பு ஏன் நடந்தது என்று ஜெர்மன்காரர்களுக்கு விளக்க முடியாது. உங்களுக்கு விளக்கவே வேண்டாம். சங்கத்துத் தீர்மானப் புத்தகம் எதையாவது ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் போதும்.

அப்பாவுக்குத் துறைமுகம் போகும் சாலையில் கயிற்றுக் கடை. தோணிக்கும் படகுக்கும் வேண்டிய கயிறு, பெயின்ட், கப்பி, ஆணி. செல்வராஜ் அண்ணாச்சிக்கு முன்னால் பல வருஷம் அப்பாதான் சங்கச் செயலாளர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தீர்மானப் புத்தகம் என் பொறுப்பு. கூட்டம் முடிந்ததும் அப்பா சொல்லச் சொல்ல எழுதுவேன்.

ஒரு கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. தெருமுனையில் குடிநீர்த் தொட்டி யார் கடை முன்னால் வைப்பது என்று பேச்சு. பேச்சு ஏச்சாகி, ஏச்சு தள்ளுமுள்ளாகி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என் தலைக்கு மேலே பறந்து போய்ச் சுவரில் மோதியது. மூன்று பேர் வெளிநடப்பு. ஒருவர் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எழுதுளா. மேற்படி தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது."

"நாற்காலி பறந்துச்சேப்பா?"

"நாற்காலிக்கு ஓட்டு கெடையாது."

"வெளிய போனாவல்லா?"

"போனவன் போய்ட்டான். உள்ள இருக்கவன் ஏகமனசுதானே? சவத்த எழுதித் தொலை, பசிக்கி."

எழுதினேன். எத்தனையோ முறை எழுதினேன். ஏகமனதாக என்பது எங்களுக்கு முடிவைச் சொல்லும் சொல்லே இல்லை, முற்றுப்புள்ளி. அது இல்லாவிட்டால் தீர்மானம் அந்தரத்தில் தொங்குவதுபோல இருக்கும். எத்தனை கடல் தாண்டி வந்தாலும் கை அந்தப் புள்ளியை வைக்கத்தானே பார்க்கும்?

5

மறுநாள் காலையில் டீர்க்சனிடமிருந்து பதில்: "அழகான குறிப்பு. முக்கியமாக இரண்டாவது பொருளின் நடை. ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்."

என் ஜெர்மன் மொழியை இதுவரை யாரும் அழகு என்று சொன்னதில்லை. சந்தேகம் வந்து இரண்டாவது பொருளைத் திறந்தேன். காதில் 'டொக்' என்றது.

அவர் அறைக்கு ஓடினேன்.

"ஐயா, அதில் ஒரு தவறு. ஃப்ராவ் லிண்டே வேண்டாம் என்றார்."

"என்றாரா?"

"முட்டையை வைத்துவிட்டுச் சொன்னார்."

"முட்டை நினைவிருக்கிறது" என்றார் வருத்தத்துடன். பிறகு பஞ்சுக் குரல். "உட்காருங்கள், ஃப்ராவ் போன்ராய். அவர் ஒரு கவலையைத் தெரிவித்தார். அந்தக் கவலையை நீங்கள் பேச்சில் குறித்துவிட்டீர்கள். பிறகு குழு முடிவெடுத்தது. முடிவு குழுவுடையது. குழு ஒன்றுதானே? அப்படியென்றால் குரலும் ஒன்று."

கேட்கும்போது சரியாகவே இருந்தது. அதுதான் அந்தக் குரலின் ஆபத்து.

"குறிப்பு ஐந்து பேருக்கும் போகிறது. ஆட்சேபம் இருந்தால் சொல்ல இரண்டு வாரம் இருக்கிறது. அவர் படித்துப் பார்த்துச் சொல்லட்டுமே?"

அவர் படிக்க மாட்டார். நான் எழுதினால் படிக்கவே மாட்டார். அது எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும் என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

"அடுத்த மாதம் முதலீட்டாளர்கள் வருகிறார்கள். ஒரே குரல் என்று பார்த்தால் நிம்மதியாக இருப்பார்கள்" என்றார். நான் எழுந்ததும், "உங்கள் அனுமதி அட்டைக்கான கடிதம் என் மேஜையில்தான் இருக்கிறது. மறக்கவில்லை" என்றார்.

இதை மிரட்டல் என்று சொல்ல முடியாது. மனிதர் நல்ல எண்ணத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் இல்லாமல் வெளிநாட்டார் அலுவலகத்துக்குள் நுழைய முடியாது. அங்கே நேரம் வாங்குவதற்கே மாதக்கணக்கில் காத்திருந்தேன். கிடைத்த நாளைத் தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலில் நிற்க வேண்டும், அதற்குள் அட்டை காலாவதியாகிவிடும்.

இன்னொரு பக்கம் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் அந்த ஒரு சொல்லின் கனம் கொஞ்சநஞ்சமில்லை. நாளைக்குப் பாய் விரியாமல் போய், செத்த செயற்கைக்கோள் இன்னொன்றின் மீது மோதினால், முதலில் கேட்கப்படுவது "யார் அனுமதித்தது?" என்பதுதான். குறிப்பைத் திறப்பார்கள். ஐந்து பெயர் இருக்கும். வேண்டாம் என்று சொன்னவர் பெயரும் அதில் இருக்கும். அப்போது ஃப்ராவ் லிண்டே எத்தனை முட்டை உடைத்தாலும் யாருக்கும் கேட்காது.

6

மதிய இடைவேளையில் ரொட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே மாலை, கடையில் அம்மாவும் இருப்பாள். அவள்தான் எடுத்தாள். நல்லா சாப்பிடுதியா, குளிருதா என்று வழக்கமான கேள்விகள்.

"யா... யா..." என்றேன்.

"என்னளா யா யா? 'ம்'னு சொல்லுத வாய் எங்க போச்சு? சீமைக்காரி கிட்டப் பேசுத மாதிரியில்லா இருக்கு. பொறு, உங்கப்பா காலையிலயிருந்து கொதிச்சுக்கிட்டு இருக்காவ. நீயே கேளு."

போன் கை மாறியது.

"என்னைய ஏகமனசாக்கிட்டானுவளா!" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"செல்வராஜ் இருக்காம்லா, செயலாளர்! நம்ம தெருவுக்கு ராக்கெட் பஜார்னு பேரு வைக்கப் போறானுவளாம். ராக்கெட் தளம் வருதுல்லா, அதுக்கு நாம சந்தோசப்படணுமாம். தெருமுனையில வளைவு கட்டி, வளைவுல நாலாளு நீளத்துக்கு ஒரு ராக்கெட்டத் தொங்க விடப் போறானுவ. நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன், ஏல, பேரு என்னமும் வச்சுத் தொலைங்க, ராக்கெட்டத் தொங்க விடாதீங்க, கயிறு ஏத்திட்டு வார லாரி என்ன ஒசரம்னு தெரியுமால உங்களுக்குன்னேன். ஒருத்தன் கேக்கல. சரி, உங்க இஷ்டம், நான் எதிர்ப்புன்னுட்டு வந்துட்டேன். இன்னைக்கிப் போயி புத்தகத்தப் பாக்கேன்..."

"ஏகமனதாக."

"உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆற்றங்கரையில் நடந்துபோன ஒரு தாத்தா நின்று பார்த்தார். "நாற்காலிக்கு ஓட்டு கெடையாதுன்னு சொன்னவங்க யாருப்பா?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அது... அப்ப நான் எழுதுனேன். இப்ப என்னைய எழுதிட்டானுவ. நாளைக்கி லாரி போய் மோதி ராக்கெட் ஒருத்தன் தலையில விழுந்தா, பொன்ராஜும் சேந்துதானே தூக்கிக் கட்டுனாம்னு சொல்லுவானுவளா மாட்டானுவளா?"

சிரிப்பு அப்படியே நின்றது. என் பையில் குறிப்பின் நகல் இருந்தது. அதன் அடியில், 'பதிவு செய்தவர்' என்ற இடத்தில் ஒரு பெயர். பொன்ராஜ். தூத்துக்குடியில் பொன்ராஜுக்கு நடந்த அநியாயத்தை ப்ரேமனில் பொன்ராஜே செய்துகொண்டிருக்கிறார்.

அப்பாவிடம் பாய் விவகாரத்தைச் சொன்னேன். வேலை முடிந்ததும் விரிகிற பாய், விரிந்தால் கீழே வரும் என்றேன்.

"பாய் விரிச்சா போவத்தானே செய்யும்? எப்படிளா கீழ வரும்?"

"அது வேற பாய்ப்பா."

"சரி, என்ன பாயோ. சுருட்டி வச்ச பாய முழுசா விரிச்சுப் பாக்காம எவன்ளா தோணியக் கெளப்புவான்? அந்தம்மா சரியாத்தானே கேட்டிருக்கு? அத ஒழுங்கா எழுதுனியா?"

"எழுதுதேன்ப்பா" என்றேன்.

7

திருத்தத்தை டீர்க்சனிடம் மட்டும் கொடுத்தால் அது அவர் மேஜையிலேயே முதுமையடைந்துவிடும். அதனால் ஐவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். இவர்கள் மொழியில் ஒரு நல்ல விஷயம் உண்டு: குரலுக்கும் ஓட்டுக்கும் ஒரே சொல், ஷ்டிம்மே. எதிராக விழும் ஓட்டுக்குப் பெயர் கேகன்ஷ்டிம்மே, எதிர்க்குரல். நான் எழுதியது இவ்வளவுதான்:

"இரண்டாவது பொருளில் 'ஒரே குரலில்' என்பதை 'நான்கு குரல் ஆதரவு, ஒரு எதிர்க்குரல், ஃப்ராவ் லிண்டே' என்று திருத்திப் படிக்கவும். தவறு முழுவதும் என்னுடையது. என் ஊரில் அந்தச் சொல்லை முற்றுப்புள்ளியாகப் பயன்படுத்துவோம். வருந்துகிறேன். போன்ராய்."

கடைசியில் நானே 'போன்ராய்' என்று எழுதியிருப்பதை அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்.

முதலில் வந்த போன் ஃப்ராவ் லிண்டேயுடையது. "முற்றுப்புள்ளியா? அப்படியானால் உங்கள் ஊரில் வேண்டாம் என்றவர்களை என்ன செய்வீர்கள்?"

"வேண்டும் என்று சொன்னதாக எழுதிவிடுவோம்."

அந்தப் பக்கம் இருமலும் சிரிப்பும். "இங்கேயும் அதே பழக்கம்தான். நீங்கள் மட்டும்தான் அதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். சரி, இனி உங்கள் குறிப்பையும் நான் இரண்டு முறை படிப்பேன்."

வலித்தது. வலிக்க வேண்டியதுதான்.

டீர்க்சன் என்னைக் கூப்பிட்டார். திருத்திய குறிப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "ஒரு அழகான சொல்லை இழந்துவிட்டோம்" என்று மட்டும் சொன்னார். என் கடிதத்தையும் கொடுத்தார். போன முறை இரண்டு வருஷ ஒப்பந்தம். இந்த முறை ஒரு வருஷம். "இப்போது எல்லோருக்கும் இப்படித்தான்" என்றார். எல்லோரிடமும் கேட்டேன். எல்லோருக்கும் அப்படி இல்லை. வெளிநாட்டார் அலுவலகத்து அம்மாள் கடிதத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "திரு. போன்ராய் வரவில்லையா?" என்றார்.

பாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குழு சொன்னபடி அனுப்ப ஆயத்தமானார்கள். ராக்கெட்காரர்களோ ராக்கெட்காரர்களின் வழக்கப்படி புறப்பாட்டைத் தள்ளிப் போட்டார்கள். திடீரென்று நாட்கள் கையில் இருந்தன, குளிர் அறையும் காலியாக இருந்தது. எதிர்க்குரல் என்று ஒரு வரி குறிப்பில் உட்கார்ந்திருக்கும்போது சும்மா இருக்க யாருக்கும் மனம் வரவில்லை. மறுபடி சோதித்தார்கள். ஃப்ராவ் லிண்டே வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு தானே போய் நின்றார்.

பாய் விரிந்தது. முழுசாக, ஒரு சுருக்கம் இல்லாமல்.

அடுத்த கூட்டத்தில் டீர்க்சன் நாகரிகமாக அதைப் பற்றிப் பேசாமல் மூன்றாவது பொருளுக்குத் தாவினார். டொக். "நில்லுங்கள்" என்றார் ஃப்ராவ் லிண்டே. "போன்ராய், எழுதுங்கள். பாய் விரிந்தது. லிண்டேயின் அச்சம் வீண். என் பெயரோடு எழுதுங்கள். முன்னதற்குப் பெயர் போட்டீர்கள் அல்லவா?"

எழுதினேன். முட்டைச் சத்தத்தையும் சேர்த்து எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

8

அப்பா இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. "நீ அங்கன இதுக்குத்தானே சம்பளம் வாங்குத? எதிர்ப்ப எப்படி எழுதணும்னு எழுதி அனுப்பு" என்றார். அனுப்பினேன். இத்தனை பேர் ஆதரவு, இத்தனை பேர் எதிர்ப்பு என்று சுத்தமான நடை. அப்பா அதைச் செல்வராஜ் அண்ணாச்சியிடம் கொண்டுபோய் நீட்டினார். அண்ணாச்சி என்னையே போனில் பிடித்துவிட்டார்.

"ஏளா, எதிர்ப்ப எழுதுறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உங்கப்பா நெசமாவே எதிர்த்தாவ, தெருவே பாத்துச்சு. ஆனா நீ அனுப்புன தாள்ல ஏகமனதாகங்கிற வார்த்தையே இல்லயே? அது இல்லாட்டி அது தீர்மானமா? நாளைக்கி எவனும் மதிப்பானா?"

"அப்ப என்ன செய்யலாம் அண்ணாச்சி?"

"நான் ஒரு வழி வச்சிருக்கேன். உங்கப்பாவும் சரின்னுட்டாவ."

அன்று மாலை வாட்ஸ்அப்பில் தீர்மானப் புத்தகத்தின் படம் வந்தது. பழைய வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் சங்க முத்திரையோடு புது வரி: "மேற்படி தீர்மானம் திரு. பொன்ராஜ் அவர்கள் நீங்கலாக ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது."

சட்டம் படித்தவர்கள் இதைப் பார்த்தால் மயக்கம் போட்டு விழலாம். எனக்கு இதைவிடச் சரியான குறிப்பை இதுவரை யாரும் எழுதியதாகத் தோன்றவில்லை. காத்ரினுக்கு மொழிபெயர்த்துக் காட்டினேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வளைவு எழும்பியது. ராக்கெட் தொங்கியது. சரியாக ஒன்பதாம் நாள், தெருவில் எந்தக் கடைக்கோ சரக்கு ஏற்றி வந்த லாரி, ராக்கெட்டின் அடிப்பாகத்தைக் கழற்றிக்கொண்டு துறைமுகம் வரை போனது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றுமில்லை. லாரிக்காரர் திரும்பி வந்து கடை கடையாக ஏறி, "யாருல இந்த எளவ இங்கன கட்டுனது?" என்று சண்டை பிடித்திருக்கிறார். எங்கள் கடைக்கும் வந்தாராம். அப்பா எதிர்க்கடையிலிருந்து தீர்மானப் புத்தகத்தை வாங்கிவரச் சொல்லி, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினாராம். லாரிக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க நீங்கலா?" என்று கேட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போயிருக்கிறார்.

நேற்று அப்பாவே போன் செய்தார். சங்கத்தின் அவசரக் கூட்டம் முடிந்த கையோடு பேசினார். மீதி ராக்கெட்டையும் இறக்கிவிடுவது என்று முடிவாம்.

"எல்லாரும் கை தூக்கியாச்சு. நானும்தான் தூக்கினேன். செல்வராஜ் 'ஏகமனதாக'ன்னு எழுதிட்டு எந்திரிக்கப் பாத்தான். நான் விடல."

"இப்பத்தான் நெசமாவே ஏகமனசாச்சே, அப்புறம் என்னப்பா?"

"அது எப்படிளா தெரியும் படிக்கவனுக்கு? போன தடவயும் அதத்தானே எழுதியிருந்தான்!" அப்பாவின் குரலில் அப்படியொரு குதூகலம். "சேத்து எழுதச் சொன்னேன். 'திரு. பொன்ராஜ் உட்பட, ஏகமனதாக.' எப்படி? அந்த முட்டையம்மாகிட்டச் சொல்லு."